மகள் வைத்த மஞ்சள்

மஞ்சள் பூக்கும் என்பது எங்கள் தெருவில் பலருக்குத் தெரியாது. தைப்பொங்கலுக்கு முன்னால் பஜாரில் வந்து குவிகிற மஞ்சள் குலையைத்தான் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நீள இலை, அடியில் ஈரமண் ஒட்டின கிழங்கு. அது பூத்து முடித்த செடி என்று யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றியதில்லை. என் மகள் மாடியில் ஒரு பெயின்ட் வாளியில் வைத்துப் பூக்கவிட்ட பிறகுதான் பார்த்தேன்.

அவள் அப்போது பத்தாம் வகுப்பு. பொங்கல் பானையில் கட்டின குலையிலிருந்து கிழங்கை ஒடித்து, முகத்துக்குப் பூச என்று என் மனைவி அடுப்படிக் கூடையில் போட்டு வைப்பாள். அதில் ஒன்று மூலையில் கிடந்து முளைவிட்டிருந்தது. மகள் அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். எங்கள் பக்கம் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான். அதை ஊற்றியதில் முதல் வருஷம் இலை ஓரமெல்லாம் தீயில் காட்டின காகிதம்போலக் கருகிவிட்டது. மறு வருஷம் அவள் அரிசி கழுவின தண்ணீரை மட்டும் ஊற்றினாள். போதாததற்கு, குடிக்கப் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில் ஒரு செம்பு எடுப்பாள்.

"குடிக்கவே தண்ணி வண்டிக்காரனத் தொங்கிக்கிட்டு நிக்கோம். மகாராணிக்குச் செடிக்கு நல்ல தண்ணி கேக்குதோ?" என்று என் மனைவி கீழே இருந்து சத்தம் போடுவாள்.

"எம் பங்கு தண்ணிய நான் குடிக்காம ஊத்துதேன். ஒனக்கென்ன?"

நான் துறைமுகம் போகிற ரோட்டில் உப்பு அடுக்கி வைக்கிற ஒரு கிட்டங்கியில் மூட்டைக்கு வாய் தைக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி அந்தப் பக்கம் போனவன், இன்றுவரை அதுதான் வேலை. எனக்கு அதிகம் பேச்சு வராது. மகள் நல்ல மண் வேண்டும் என்று கேட்டபோது, கிட்டங்கிக்கு வருகிற லாரி டிரைவர் ஒருவரிடம் அதைக் கேட்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அவர் ஏரல் பக்கம் ஆற்றங்கரையில் இருந்து ஒரு சாக்கு வண்டல் கொண்டுவந்து கொடுத்தார்.

"உப்பு ஏத்துத வண்டியில மண்ணு ஏத்திட்டு வந்திருக்கேன் அண்ணாச்சி. மொதலாளி பாத்தா என்னைய அந்த உப்புலயே பொதைச்சிருவாரு," என்றார்.

அந்தப் புரட்டாசியில் பூத்தது. அகலமான இலைகளுக்கு நடுவில் இருந்து ஒரு கதிர் எழும்பி வந்தது. இளம்பச்சையில் சின்னச் சின்னக் கிண்ணங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல. மேலே போகப் போக அந்தக் கிண்ணங்கள் வெள்ளையாகி, நுனியில் லேசான ரோஸ் நிறம். கீழ்க் கிண்ணங்களில் இருந்து மஞ்சளாகச் சின்னப் பூ எட்டிப் பார்த்தது. ஒரு பூ வாடினால் பக்கத்துக் கிண்ணத்தில் இன்னொன்று. கதிர் மட்டும் வாரக்கணக்கில் அப்படியே நின்றது. வாசமென்று பெரிதாக ஒன்றுமில்லை. நான் வேலை முடிந்து வந்து, தலையில் உப்புத் தூளோடு அதன் முன்னால் உட்கார்ந்திருப்பேன். மகளும் வந்து உட்காருவாள். அங்கே உட்கார்ந்தால் அவளும் என்னைப்போலத்தான், பேச மாட்டாள்.

பொங்கலுக்கு அந்தச் செடியைப் பிடுங்க அவள் விடவில்லை. இலை காய்ந்து விழும்வரை விட்டு, மாசி பிறந்ததும் தண்ணீரை நிறுத்தி, வாளியை நிழலில் தள்ளி வைத்தாள். சித்திரையில் கிழங்கைப் பிரித்து மறுபடி நட்டாள். ஒரு வாளி இரண்டானது. வருஷா வருஷம் பூத்தது. நாங்கள் பொங்கலுக்குக் கடையில்தான் குலை வாங்கினோம்.

"வீட்டுல மஞ்சள வச்சிக்கிட்டுக் கடையில மஞ்ச வாங்குத கூறுகெட்ட குடும்பம் ஊருலயே நம்மதான்," என்பாள் என் மனைவி. ஆனால் பக்கத்து வீட்டுக்காரி ஒரு பொங்கலுக்கு மாடிக்கு வந்து ஒரு குலை கேட்டபோது, "அது பூச்செடி மைனி, பொங்கலுக்கு ஆகாது," என்று சொல்லி அனுப்பியதும் அவள்தான்.

மகளைக் கொற்கைக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்தோம். மருமகன் வாழைத்தார் ஏற்றுகிற வண்டி ஓட்டுகிறான், நல்ல பையன். அங்கே வீட்டைச் சுற்றி வயலும் வாழையும்தான். "இங்கன என்னத்துக்கு வாளியில வைக்க? அது மாடியிலயே இருக்கட்டும். நான் வந்து பாத்துக்கிடுதேன்," என்று சொல்லிப் போனாள். புரட்டாசி வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாள். பேத்தி தவழ்ந்த வயதிலேயே அந்தப் பூவைப் பார்த்திருக்கிறாள். "அம்மா பூ" என்றுதான் அவள் அதைச் சொல்லுவாள்.

மழைக்காலத்து விஷக்காய்ச்சலில் மகள் போய்விட்டாள். பேத்திக்கு அப்போதுதான் பேச்சு திருந்தி வந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு என் மனைவி மாடி ஏறவில்லை. துணியைக்கூட வாசலிலேயே கயிறு கட்டிக் காயப்போட்டாள். வாளிகளை நான் பார்த்துக்கொண்டேன். மகள் செய்ததைப் பார்த்திருந்ததால், இலை காய்ந்ததும் தண்ணீரை நிறுத்தினேன், சித்திரையில் பிரித்து நட்டேன். அந்தப் புரட்டாசியிலும் பூத்தது. கீழே இறங்கி வந்து, "பூத்திருக்கு," என்றேன். என் மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "ம்," என்றாள். மேலே வந்து பார்க்கவில்லை.

வருஷம் திரும்பியதும் கார்த்திகையில் மருமகன் மறுமணம் செய்துகொண்டான். எங்களிடம் கேட்டுத்தான் செய்தான். சின்ன வயது, கையில் பிள்ளை, நாங்கள் என்ன சொல்ல முடியும்? பெண் நாசரேத் பக்கம். கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. மார்கழி நடுவில் மருமகனின் தாயார் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணாச்சி, பொங்கப்படி கொண்டாருவீயள்லா?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"மைனி கோவத்துல இருப்பாக, தெரியும். ஆனா மொறைன்னு ஒண்ணு இருக்குல்லா. வந்தவளும் ஒங்க பிள்ளைதான்னு நீங்க ஒரு படி கொண்டாந்து எறக்குனா, எம் பேத்தி அங்கன வருவா, போவா. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது. இந்தப் பொங்கலுக்கு நீங்க வரலைன்னா, நாளைக்கு வந்தவ வீட்டுக்காரங்கதான் பிள்ளைக்கு அம்மா வீடு. பெறகு என்னையக் கொறை சொல்லப்பிடாது."

எங்கள் பக்கத்து முறை இது. கட்டிக்கொடுத்த மகளுக்குப் பொங்கலுக்குப் பொங்கல் பிறந்த வீட்டிலிருந்து அரிசி, வெல்லம், கரும்பு, காய், மஞ்சள் குலை எல்லாம் படியாகப் போகவேண்டும். மகள் இறந்து மருமகன் வேறு கட்டிக்கொண்டால், அந்தப் படியை வந்தவளுக்குக் கொண்டு கொடுத்து அவளை மகளாக ஏற்பதும் உண்டு, அத்தோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. நிறுத்திவிட்டால் உறவும் நின்றுபோனதாக அர்த்தம். எங்களுக்கு இருப்பது அந்தப் பேத்தி ஒருத்திதான்.

என் மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே பாத்திரம் விளக்கினாள்.

"எம்மவ எடத்துல வந்து உக்காந்தவளுக்கு நான் மஞ்சளும் சேலையும் குடுக்கணுமோ?"

"அவளுக்கு இல்ல ஏளா. பிள்ளைக்கு."

"பிள்ளைக்குன்னா பிள்ளைக்குக் கவுனு எடுத்துக் குடுங்க. படி எதுக்கு?"

ஒரு வாரம் இப்படியே போனது. பிறகு ஒருநாள் காலையில் அவளே சொன்னாள். "நீங்க வேணா போயிட்டு வாங்க. நான் வரமாட்டேன். எல்லாம் கடையில வாங்கிக்கிடுங்க. மாடியில இருக்கதுல ஒரு இலை போவப்பிடாது, சொல்லிட்டேன்."

கரும்பு, பனங்கிழங்குக் கட்டு, மஞ்சள் குலை, ஒரு சேலை, பேத்திக்குப் பாவாடை சட்டை எல்லாம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கரும்பு கூரையில் இடித்தது.

"அண்ணாச்சி, கரும்ப உக்கார வைங்க, இல்லன்னா அதுக்கும் டிக்கெட் போட்டுருவேன்," என்றார் கண்டக்டர். பிறகு பக்கத்தில் வந்து, "யாருக்குப் படி? மகளுக்கா?" என்று கேட்டார்.

"ஆமா," என்றேன்.

பஸ்ஸில் வரும்போதே சொல்லவேண்டியதை யோசித்து வைத்திருந்தேன். "நீயும் எங்க பிள்ளைதாம்மா," என்று ஒரு வார்த்தை. வேறொன்றுமில்லை. வீட்டு வாசலில் அந்தப் பெண் தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றபோது அந்த ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை. ஒல்லியான பெண். என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் செம்பை மட்டும் நீட்டினாள். "அப்பான்னு சொல்லு, என்ன முழிச்சிக்கிட்டு நிக்கே?" என்று அவள் மாமியார் உள்ளே இருந்து சொன்னார். "தண்ணி குடிங்கப்பா," என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு குடித்தேன். செம்பு காலியான பிறகும் வாயிலிருந்து எடுக்கவில்லை.

பேத்தி படிச்சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் குலையைக் கையில் எடுத்து, இலைகளை விலக்கி நடுவில் தேடினாள்.

"தாத்தா, பூவ எங்க?"

"இது கடையில வாங்குனது. இதுல இருக்காது."

"அம்மா பூ மாடியில இருக்கா?"

"இருக்கு," என்றேன்.

அந்த வீட்டுப் புது மருமகள் பாத்திரம் எடுக்க வந்தவள் நின்றாள். "நான் வந்த அன்னைக்கு இருந்து இதத்தான் சொல்லிக்கிட்டிருக்கா. மஞ்சள்ல பூவான்னு நானும் கேட்டேன். இவுக சொன்னாக," என்று மருமகன் இருந்த திசையைக் காட்டினாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு துண்டு கெழங்கு குடுத்தீங்கன்னா நான் இங்கன வச்சு வளப்பேன். பிள்ளை பாத்துக்கிட்டே இருப்பா," என்றாள்.

"இலை காயட்டும். பங்குனியில தோண்டித் தாரேன்," என்றேன். அன்று நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

வீட்டுக்கு வந்து இதையும் சொன்னேன். என் மனைவி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பொங்கல் போனது. தை போய் மாசியும் வந்தது. பருவட்டு என்கிற பெரிய கல்லுப்புக்கு லோடு வந்துகொண்டே இருந்த சமயம், விடியுமுன் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவேன். மாசி பிறந்ததும் நானே வாளிக்குத் தண்ணீரை நிறுத்தி, தண்ணீர்த் தொட்டி நிழலில் தள்ளி வைத்துவிட்டதால் மேலே போகவேண்டிய வேலையும் இல்லை.

பங்குனி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாக்கை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். இரண்டு வாளியும் இரண்டு பிளாஸ்டிக் பேசினுக்குள் உட்கார்ந்திருந்தன. எங்கள் வீட்டுத் துணி ஊறப்போடுகிற பேசின்கள். வாளியின் அடி ஓட்டை வழியாக வடிகிற தண்ணீர் ஒரு சொட்டும் தரையில் போகாமல் பேசினில் தேங்கியிருந்தது. மண் சேறாக இருந்தது. ஒரு வாடை வந்தது. பக்கத்திலேயே நல்ல தண்ணீர்க் குடமும் செம்பும்.

எனக்குப் புரிந்துவிட்டது. மாசியில் மஞ்சள் இலை பழுத்துச் சாய்வதை அவள் ஒருநாளும் கவனித்ததில்லை. மகள் இருந்தபோது துணி காயப்போட ஏறினாலும் செடிப் பக்கம் திரும்ப மாட்டாள், கீழே இருந்து சத்தம்தான் போடுவாள். மகள் போன வருஷம் மேலேயே வரவில்லை. இந்த வருஷம் வந்திருக்கிறாள். வந்து பார்த்தால் செடி சாகிறது.

கையால் மண்ணைத் தோண்டினேன். கிழங்கு இருந்த இடமெல்லாம் குழைந்துபோய் விரலோடு வந்தது. அவள் படியேறி வந்து என் பின்னால் நிற்பது தெரிந்தது.

"வாடிக்கிட்டு வந்துச்சு," என்றாள். "நல்ல தண்ணிதான் ஊத்துனேன். ஒரு நாளும் உப்புத் தண்ணி ஊத்தல. வீணாப் போவப்பிடாதுன்னு பேசினு வச்சேன்."

"ம்."

"அது சாவலையா?"

"இலை காயும். கெழங்கு உள்ள இருக்கும். காயவிடணும்."

அவள் உட்கார்ந்து இரண்டாவது வாளியைச் சாய்த்துக் கொட்டினாள். சேற்றைப் பிசைந்து பிசைந்து பார்த்தாள். கட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் எடுத்துக் கழுவினாள். அது கல்லாக இருந்தது, ஓடாக இருந்தது. குடத்துத் தண்ணீர் முழுவதும் அப்படித் தீர்ந்தது. ஒரு விரல் அளவு கிழங்குகூட மிஞ்சவில்லை.

"நீங்க அவளுக்குக் குடுக்கேன்னு சொல்லிட்டு வந்துட்டீயளே, செத்துப்போச்சுன்னா நான் கொன்னேன்னுல்லா சொல்லுவாக. அதுக்குத்தான் ஊத்துனேன்," என்றாள். கையிலிருந்த சேற்றை வழித்துவிட்டு, "அதுக்கு மட்டும் இல்ல," என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். மகள் இறந்த அன்று அவள் மயங்கிக் கிடந்தாளே தவிர, இப்படி அழவில்லை.

மறு ஞாயிறு பேத்தியைப் பார்க்க அவளே கிளம்பினாள். அடுப்படிக் கூடையில் கடையில் வாங்கின பொங்கல் குலைக் கிழங்கு கொஞ்சம் கிடந்தது. அதில் முளை தெரிகிற ஒன்றை எடுத்து ஈரத்துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

"பட்டுப்போச்சுன்னு சொல்லிருவோம்," என்றேன்.

"பிள்ளைட்ட அப்படியா சொல்லுவீய?" என்றாள். நான் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் கை என் தோளைப் பிடித்திருந்தது. பேத்தி ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ரொம்ப நாள் கழித்துப் பார்க்கிறாள். "ஆச்சி, கொண்டாந்தியா?"

என் மனைவி துணியைப் பிரித்தாள்.

"இது அம்மா பூவா?"

"ஆமாளா. ஒங்க அம்மா வச்சதுதான்."

என் மனைவி நேராகப் பேசுகிறவள். கடைக்காரரிடமிருந்து ஒரு ரூபாய் கூடுதலாக வந்தால் திரும்ப நடந்துபோய்க் கொடுப்பாள். அவள் வாயில் இருந்து அது இவ்வளவு சரளமாக வரும் என்று நான் நினைக்கவில்லை.

புது மருமகள் கிழங்கை இரண்டு கையாலும் வாங்கினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் என் மனைவியின் முகம் ஒரு மாதிரி ஆனது. ஏதோ சொல்ல வந்தாள். அந்தப் பெண் அதற்குள் பின்பக்கம் போய், வாழைக்குப் பக்கத்தில் மண்ணைக் கொத்திவிட்டாள். பேத்தி கூடவே உட்கார்ந்துகொண்டாள். மருமகனின் தாயார் காப்பி கொடுத்தார். "மைனி வந்துட்டாக, இனி எனக்கு ஒரு கொறையும் இல்ல," என்றார். புறப்படும்போது என் மனைவி அந்தப் பெண்ணிடம், "தண்ணி ரொம்ப ஊத்தாத," என்று மட்டும் சொன்னாள்.

பள்ளிக்கூட லீவுக்குப் பேத்தியை மருமகனே கொண்டுவந்து விட்டான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது எங்களுக்குக் கிடைத்தது. வீட்டில் மறுபடி சத்தம் கேட்டது. சாயங்காலம் மாடியில் கடற்காற்று வரும்போது மூன்று பேரும் உட்காருவோம். வாளிகளை நான் முன்னாலேயே கழுவிக் குளியலறையில் போட்டிருந்தேன்.

ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது பேத்தி சொன்னாள். "ஆச்சி, அங்கன மொளச்சிருச்சு. ரெண்டு இலை."

"அப்படியா."

"காலையில பல்லு வெளக்கிட்டு அதத்தான் மொதல்ல பாக்கணும். அம்மா சொல்லிருக்கா."

"ஏன்?"

"அது அம்மாவாம். கும்பிட்டுட்டு வான்னு சொல்லுதா. அவளும் கும்பிடுவா. தெனமும்."

பேத்திக்கு இரண்டு அம்மாவும் ஒரே சொல்லில் வந்தார்கள். யாரைச் சொல்கிறாள் என்று எங்களுக்குத்தான் பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. என் மனைவி பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பேத்தி எழுந்து, கப்பல் தெரிகிறதா என்று பார்க்க மாடிச் சுவர் ஓரம் போனாள்.

"இனிமே அவட்ட நெசத்தச் சொல்ல முடியாது, என்னா?" என்றாள் என் மனைவி மெதுவாக.

"முடியாது," என்றேன்.